பெயின்ட் அடித்த துத்தநாகம்

ஹால்வார் தன் படகின் அடியில் பொருத்திய நீல விளக்குகளை அந்தக் கோடையில் யாரும் பார்க்கவில்லை. வடகோடிக் கடலோர ஊரான கிராக்கவீக்கில் ஜூன், ஜூலை மாதங்களில் சரியாக இருட்டுவதே இல்லை. அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே பூகோளம் நடத்தி ஓய்வும் பெற்ற ஒரு மனிதர் இதை எப்படி மறந்தார் என்பது அவர் மனைவி தூர்டிஸுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

படகு பழசு. அவர்களுடைய மகனைவிட மூத்தது. இரண்டு பேர் கால் நீட்ட ஒரு கேபின், குனிந்தே சமைக்க ஓர் அடுப்பு, கதவைச் சாத்தினால் முழங்கால் இடிக்கும் ஒரு கழிப்பறை. கரையை ஒட்டித் தீவு தீவாகச் சுற்றிவர இது போதும். ஆனால் பழைய படகு வாங்கியவனுக்கு 'போதும்' என்ற சொல் மறந்துபோகும். முதலில் மெத்தை உறையை மாற்றினார். மெத்தை புதுசானதும் திரைச்சீலை பழசாகத் தெரிந்தது. திரைச்சீலை புதுசானதும் தரைப்பலகை பல்லிளித்தது. அப்புறம் குளிர்பெட்டி, டீசல் ஹீட்டர், வெந்நீர்த் தொட்டி, பளபளக்கும் எஃகு ப்ரொப்பெல்லர், மீன் எங்கே இருக்கிறதென்று காட்டும் ஒரு திரை.

"மீன் இருக்கிற இடத்தைக் காட்டுதா?" என்றாள் தூர்டிஸ்.

"காட்டுது."

"நீ போற இடத்துல அது இல்லன்னும் காட்டுது பாரு. நல்ல மெஷின்தான்."

நீல விளக்கு வாங்கிய கதைதான் இங்கே முக்கியம். படகுச் சாமான் கடையில் இருந்த பெண் அன்று அவரிடம் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் காட்டினாள். "இத மட்டும் விட்டுடாத. துறையில கரன்ட்டுக்குக் கேபிளைச் செருகுற இல்ல? அதுல இருக்கிற எர்த் கம்பி வழியா உன் படகும் பக்கத்துப் படகும் ஒண்ணாயிடும். ஒருத்தர் படகோட வியாதி இன்னொருத்தருக்குப் போகும். இது நடுவுல நின்னு தடுக்கும்."

ஹால்வார் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்ஜினுக்குப் பின்னால் ஒரு மூலையில் உட்காரப்போகிற சாமான். வருகிறவர்களைக் கூட்டிப்போய், "பார், என் பெட்டி" என்று காட்டவா முடியும்? அதே விலைக்கு நீல விளக்கு நான்கு கிடைத்தது. பெட்டி அடுத்த வருஷம் என்று வைத்துக்கொண்டார்.

வசந்தத்தில் அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போது இரண்டாவது காரியத்தைச் செய்தார். இன்ஜினிலிருந்து தண்ணீருக்குள் இறங்கி ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் அலுமினியப் பகுதியைப் படகின் கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீருக்கு உலோகம் என்றால் தீராத பசி. அது காலைக் கடிக்காமல் இருக்க, காலின்மேல் ஒரு துத்தநாகக் கட்டியைத் திருகி வைப்பார்கள். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா மாதிரி. கடல் அதைத் தின்றுவிட்டுக் காலை விட்டுவிடும். வருஷா வருஷம் கிடாவை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஹால்வாரும் புதுக் கட்டி வாங்கி மாட்டினார். மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். கரேலென்று அழகாக அடித்திருந்த அடிவயிற்றில் வெள்ளையாக அது துருத்திக்கொண்டு நின்றது. அவருடைய ரசனைக்குப் பொறுக்கவில்லை. தூரிகையை எடுத்து அதன்மேலும் இரண்டு பூச்சு பூசிவிட்டார்.

துத்தநாகத்தின்மேல் பெயின்ட் அடிக்காதே என்று டப்பாவிலேயே எழுதியிருந்தது. ஆனால் வாத்தியார் எங்கே படிப்பார்? மற்றவர்களைப் படிக்கச் சொல்லியே பழகிப்போன ஜென்மம்.

மிதவைத்துறையில் அவருக்கு இடப்பக்கத்துப் படகு ஆர்ன்ஃபினுடையது. ஆர்ன்ஃபின் கடலோரச் சாலையில் வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். எண்பதை நெருங்குகிறார், மனைவி இல்லை, தனி வீடு. அவருடைய படகில் புதுசாக எதுவும் கிடையாது. பாட்டரிக்கு ஒரு சார்ஜர், கரகரக்கும் ஒரு ரேடியோ. இரண்டு படகின் கேபிளும் ஒரே மின்கம்பத்தில் பக்கத்துப் பக்கத்துத் துளையில் செருகியிருந்தன. கடலுக்குப் போகிற நேரம் தவிர, கோடை முழுக்க யாரும் பிடுங்கவில்லை. பிடுங்கினால் குளிர்பெட்டியில் இருக்கும் மீன் கெட்டுவிடும். மீன் ஆர்ன்ஃபின் பிடித்தது. கிழவர் காலையில் போய் அயிலை பிடித்துவந்து, முள் நீக்கி, பாதியை ஹால்வாருக்கே கொடுத்துவிட்டு, "மீதிக்கு உன் ஃப்ரிட்ஜ்ல கொஞ்சம் இடம் குடு" என்பார். அந்தத் திரையை வைத்துக்கொண்டு ஹால்வார் பிடித்த மீன்களைப் பற்றி நாம் பேசாமலிருப்பதே மரியாதை.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, படகுகளைக் கரையேற்றும் நாள். மற்ற நாட்களில் அடுத்தவர் ஜன்னலைக்கூட நிமிர்ந்து பார்க்காத ஜனம் அது. அன்று மட்டும் ஒருவர் விடாமல் வந்து, கிரேனில் தொங்கும் ஒவ்வொரு படகின் அடிவயிற்றையும் அண்ணாந்து பார்க்கும். எவன் சோம்பேறி, எவன் கஞ்சன், எவன் பெண்டாட்டியிடம் பொய் சொல்லிவிட்டு எந்தப் பாறையில் மோதினான் என்பதெல்லாம் அன்று வெளிச்சமாகிவிடும். கையில் காப்பி, உருளைக்கிழங்கு ரொட்டியில் சுருட்டிய சாஸேஜ். எல்லாருக்கும் வேலை உண்டு. எல்லாருக்கும் கருத்தும் உண்டு.

ஆர்ன்ஃபினின் படகு மேலே எழும்பியது. தண்ணீர் சொட்டி முடிந்ததும் எல்லாரும் நெருங்கி வந்தார்கள். அதன் கால், எலி புகுந்த வீட்டுப் பாலாடைக்கட்டி மாதிரி இருந்தது. ஓரமெல்லாம் பொரிந்து, விரல் நுழைகிற அளவுக்குக் குழிகள். துத்தநாகம் இருந்த இடத்தில் இரண்டு போல்ட்டுகள் மட்டும் அநாதையாக நின்றன.

"ஆர்ன்ஃபின், கடைசியா எப்ப ஜிங்க் மாத்தின?" என்று கிரேன் பக்கமிருந்து ஒரு குரல்.

"மே மாசம். மே தின ஊர்வலம் முடிஞ்சதும் வந்து மாத்தினேன்."

"எந்த வருஷத்து மே?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆர்ன்ஃபினும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக. பிறகு அருகே போய் அந்தக் குழிகளில் ஒன்றை விரலால் தடவினார். "மாத்தினேனே," என்றார் மறுபடியும். இந்தத் தடவை யாரிடமும் இல்லை.

அடுத்து ஹால்வாரின் படகு. தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவியபோது துத்தநாகத்தின்மேல் இருந்த பெயின்ட் உரிந்தது. உள்ளே கட்டி அப்படியே இருந்தது. மூலை மழுங்கவில்லை. கம்பெனி அச்சடித்த எழுத்தைக்கூடப் படிக்கலாம். காலில் ஒரு கீறல் இல்லை.

"பாருங்கப்பா! வெச்சிருந்தா இப்படி வெச்சிருக்கணும்!"

"வாத்தியார் வாத்தியார்தான்!"

ஹால்வாருக்குப் பெருமை வந்தது. வந்த வேகத்திலேயே திரும்பியும் போனது. கவசம் மாட்டிய கிடாவைக் கடல் எப்படித் தின்னும்? தன் கிடா தப்பித்ததென்றால், கோடை முழுக்கத் தன் படகுக்காகக் கடல் எதைத் தின்றது? கடைப் பெண் சொன்ன எர்த் கம்பி நினைவுக்கு வந்தது. சாம்பல் நிறப் பெட்டி நினைவுக்கு வந்தது. ஒரே கம்பத்தில் அண்ணன் தம்பி மாதிரி செருகியிருந்த இரண்டு கேபிள்கள் நினைவுக்கு வந்தன. ஆர்ன்ஃபினின் துத்தநாகம் ஒண்டியாக நின்று இரண்டு படகையும் காப்பாற்றியிருக்கிறது. அது கரைந்து முடிந்ததும் கடல் அவர் காலில் வாயை வைத்துவிட்டது. ஊரான் வீட்டு நெய்யில் தன் படகு ஒரு கோடை முழுக்க விருந்து சாப்பிட்டிருக்கிறது.

ஆர்ன்ஃபின் வந்து அவர் தோளைத் தட்டினார். "நல்லா பாத்துக்கிற ஹால்வார். சந்தோஷமா இருக்கு."

"இல்ல ஆர்ன்ஃபின், வந்து..." என்று ஹால்வார் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு சாஸேஜை நீட்டினார்கள். திறந்த வாய்க்குள் சாஸேஜ் போயிற்று. தேள் கொட்டிய திருடனுக்கு அந்தச் சாஸேஜ் எவ்வளவு உதவியாக இருந்தது என்று சொல்லி முடியாது.

ஆர்ன்ஃபினின் மகள் இங்வில் வந்திருந்தாள். பக்கத்து ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவள், சத்தம் போட்டுப் பேசாதவள். அப்பாவைத் தனியாக அழைத்துப்போனாள். தனியாக என்றாலும் ஹால்வாரின் காதுக்கு எட்டுகிற தூரம்.

"அப்பா, போன வாரம் வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜ்ல வெச்ச."

"மீனை எடுத்து வெக்கும்போது கையோட போயிருச்சும்மா."

"போன மாசம் என் பொறந்த நாளை மறந்துட்ட."

"நாப்பத்தெட்டாவது எல்லாம் ஒரு பொறந்த நாளா?"

"இப்ப ஜிங்க். நீ மாத்தினதா நினைச்சிருக்க, ஆனா மாத்தல. நடுக்கடல்ல கால் ஒடிஞ்சு நின்னிருந்தா? போதும்ப்பா. வித்துடு."

வழக்கமாக ஆர்ன்ஃபின் இதற்கு ஒரு பேருந்துக் கதை சொல்லி அவளைச் சிரிக்க வைத்திருப்பார். அன்று கதை வரவில்லை. "சரிம்மா," என்றார். அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசி ஹால்வார் கேட்டதே இல்லை.

வீட்டில் செப்டம்பர்தோறும் சமைக்கும் ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் முழு மிளகோடு வெந்துகொண்டிருந்தது. அந்த வாசனைக்கு ஹால்வார் இரண்டாம் தட்டு போடாத வருஷம் கிடையாது. அன்று முதல் தட்டிலேயே மிளகுகளைப் பொறுக்கி ஓரமாக வரிசை வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?" என்றாள் தூர்டிஸ்.

சொன்னார். முழுவதையும் சொன்னார். பெட்டி, நீல விளக்கு, தூரிகை, இங்வில் பேசியது, எல்லாம்.

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள..."

"அதுக்குள்ள?"

"சாஸேஜ் குடுத்தாங்க."

தூர்டிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "அவனோட ஜிங்க்கத் தின்ன. அவன் படகோட காலைத் தின்ன. இப்ப அவன் புத்தியையும் தின்னுட்டு வந்திருக்க. அப்புறம் எப்படிப் பசிக்கும்?"

"சொல்லிடறேன். ஒரு நல்ல நேரம் பாத்து..."

"நல்ல நேரம் நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு."

நேராகப் போக முடியாதவன் சந்து பொந்து தேடுவான். ஹால்வாரும் தேடினார். பழைய சாமான் விளம்பரங்களைத் துழாவி, ஆர்ன்ஃபினின் படகுக்குப் பொருந்துகிற, அதிகம் ஓடாத ஒரு காலைக் கண்டுபிடித்தார். வேறு மாவட்டம்வரை போய், காரின் பின்சீட்டில் பச்சைக் குழந்தையைப் படுக்க வைப்பது போல் படுக்க வைத்துக் கொண்டுவந்தார். காலை மாற்றிக் கொடுத்துவிட்டால், மனசாட்சி ரசீது கொடுத்துவிடும் என்று ஒரு கணக்கு.

படகுகள் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் முற்றத்தில் ஆர்ன்ஃபின் தன் படகிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார். ரேடியோ, இரண்டு போர்வை, நசுங்கிய ஒரு காப்பிக் கெட்டில்.

"ஒரு இடத்துல மலிவா கிடைச்சுது," என்றார் ஹால்வார். "சும்மாதான் கிடந்துது. உனக்கு ஆகுமேன்னு..."

ஆர்ன்ஃபின் காரை எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "எனக்காகவா இவ்ளோ தூரம் போன? நீ மனுஷன்யா." அப்புறம் போர்வையை மடித்தபடியே சொன்னார்: "ஆனா வேணாம். காலு போனா வேற காலு கிடைக்கும். தலைக்கு எங்க போறது?"

"தலைக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு."

"இல்லப்பா. அந்த ஜிங்க்க மாத்தினது எனக்கு இப்பவும் கண்ணுல நிக்குது. ஸ்பேனர் வழுக்கி விரல் நசுங்கினதுகூட. அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னா, அப்ப நடந்ததா நான் நினைக்கிறதுல வேற எதெல்லாம் நடக்கல? ராத்திரி படுத்தா ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்குறேன். ஸோல்வையைக் கல்யாணம் பண்ணினேனா? அவ செத்தாளா?" சிரித்தார். "அது நடந்துச்சு. அதுக்கு ஃபோட்டோ இருக்கு."

இங்கே ஹால்வார் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.  இந்த முறை சாஸேஜ் மேல் பழி போடக்கூட வழியில்லை.

"சனிக்கிழமை ஒருத்தன் வந்து படகை எடுத்துட்டுப் போறான்," என்றார் ஆர்ன்ஃபின். "மலைப்பக்கத்துக்காரன். நல்ல ஆளுதான். படகுல முன்பக்கம் எதுன்னு கேட்டான்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஹால்வார் தாக்குப்பிடித்தார். அதற்குள் அடுப்பு விறகெல்லாம் பிளந்தாகிவிட்டது. பக்கத்து வீட்டு விறகையும் பிளந்து கொடுத்தாகிவிட்டது. "இனிமே காட்டுக்குத்தான் போகணும்," என்றாள் தூர்டிஸ். "இல்லன்னா ஆர்ன்ஃபின் வீட்டுக்குப் போகலாம். அது கிட்டத்துல இருக்கு."

ஆர்ன்ஃபின் கதவைத் திறந்தபோது ஹால்வார் முதலில் பார்த்தது அவரை அல்ல. கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த மஞ்சள் துண்டுச்சீட்டை. 'சாவி எடுத்தாயா?' சமையலறைக்குள் போனால் அடுப்பின்மேல் ஒன்று: 'அணை.' குழாய்க்கு மேலே ஒன்று. மாத்திரை டப்பாவில் ஒன்று. காப்பி மெஷினில்: 'தண்ணீர் ஊற்று.' ஜன்னலருகே தொங்கிய ஸோல்வையின் படத்தின் கீழேகூட ஒன்று, அவள் இறந்த தேதி. பேருந்தின் பெயர்ப்பலகை எழுத்து மாதிரி பெரிசாக, நிதானமாக, பிழையில்லாமல் எழுதிய சீட்டுகள்.

"முன்னெச்சரிக்கை," என்றார் ஆர்ன்ஃபின், கொஞ்சம் வெட்கத்தோடு. "உக்காரு. வாஃபிள் சுடறேன். மாவு கலக்கினேன்னு நினைக்கிறேன்." குளிர்பெட்டியைத் திறந்து பார்த்து, "கலக்கியிருக்கேன்," என்றார். அந்தச் சின்னச் சந்தோஷத்தைப் பார்த்ததும் ஹால்வாருக்கு மனசு உடைந்துவிட்டது.

"ஆர்ன்ஃபின், நீ ஜிங்க் மாத்தின."

"என்னது?"

"மே மாசம் நீ மாத்தின. ஸ்பேனர் வழுக்கினது நிஜம். விரல் நசுங்கினது நிஜம். உன் ஜிங்க்க நான்தான் தின்னேன்."

வாஃபிள் மெஷினில் மாவை ஊற்றி மூடிய ஆர்ன்ஃபின் மாவுக் கரண்டியோடு திரும்பினார். இவனுக்கும் வந்துவிட்டதா என்பது போல் ஒரு பார்வை.

ஹால்வார் பாடம் நடத்துகிறவர். எதையும் வரிசையாகச் சொல்லத் தெரியும். அன்று தலையும் வாலும் மாறி மாறி வந்தது. நீல விளக்கிலிருந்து ஆரம்பித்துப் பெட்டிக்குப் போய், பெயின்டுக்கு வந்து, மறுபடி விளக்குக்கே போனார். ஆனாலும் ஆர்ன்ஃபினுக்குப் புரிந்தது. கரண்டியிலிருந்து மாவு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது, அவர் கவனிக்கவில்லை.

"ஜிங்க் மேல பெயின்ட் அடிச்சியா?"

"ரெண்டு கோட்டு."

"ஏன்?"

"அசிங்கமா தெரிஞ்சுது."

ஆர்ன்ஃபின் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று ஹால்வார் எழுந்தார். சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். "மாத்தினேன்! நான் மாத்தினேன்!" என்று மேசையில் அறைந்தார். அப்புறம் ஃபோனை எடுத்து இங்வில்லை அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, ஹால்வாரின் முன்னால் வைத்தார். "இந்தாம்மா, வாத்தியார் பேசறார். முதல்லேர்ந்து சொல்லுங்க வாத்தியாரே. விளக்கை விட்டுடாதீங்க."

ஹால்வார் இரண்டாம் தடவை சொன்னார். முதல் தடவையைவிடக் கேவலமாக இருந்தது.

இங்வில் முழுவதையும் கேட்டாள். பிறகு, "சாவி ஃப்ரிட்ஜ்ல இருந்ததும் அவர் பண்ணினதா?" என்றாள்.

"அது நான் பண்ணினது," என்றார் ஆர்ன்ஃபின். "அதுக்குப் பேரு வயசும்மா. இதுக்குப் பேரு..." ஹால்வாரைப் பார்த்தார். பொருத்தமான பேர் அகப்படவில்லை. "அப்புறம் கூப்பிடறேன். மலைக்காரனுக்கு ஃபோன் போட்டு வரவேணாம்னு சொல்லணும்."

ஃபோனை வைத்துவிட்டு, ஒவ்வொரு சீட்டாகக் கிழிக்கத் தொடங்கினார். அடுப்பு, குழாய், படம். காப்பி மெஷினுக்கு வந்ததும் கை நின்றது. "இது இருக்கட்டும். இது நிஜமாவே மறந்துடுது." அப்படியே முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார்: "உனக்கு எப்பத் தெரியும்?"

ஹால்வார் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான்.

"அன்னிக்கே."

"கிரேன்ல தொங்கும்போதேவா?"

"ஆமா."

"அந்தக் காலைக் கொண்டுவந்தப்ப?"

"தெரியும்."

சிரிப்பு போய்விட்டது. வாஃபிள் கருகுகிற வாசனை வந்தது. ஆர்ன்ஃபின் போய் நிதானமாக வாஃபிள் மெஷினின் ப்ளக்கைப் பிடுங்கினார்.

"ஜிங்க் போனா போகுது," என்றார். "தெரியாம பண்ணின. காலு போகட்டும். திங்கக்கிழமை நான் பஸ் புடிச்சு டவுனுக்குப் போய் என் டிரைவிங் லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துட்டு வந்தேன். யாரும் கேக்கல. நானே போனேன். சொந்தப் படகுல எதைப் பண்ணினோம்னு தெரியாதவன் ரோட்டுல போகக் கூடாதுன்னு. அங்க இருந்த பொண்ணு 'நெஜமாவா?'ன்னு ரெண்டு தடவ கேட்டா. வாழ்க்கையில ஒரு கோழியைக்கூட நான் இடிச்சதில்ல ஹால்வார்."

 ஹால்வார் மன்னிப்பு என்ற சொல்லை எடுத்துப் பார்த்தார். அந்தச் சமையலறைக்கு அது ரொம்பச் சின்னதாக இருந்தது.

லைசென்ஸ் திரும்ப வர வசந்தம் ஆகும் என்றார்கள். டாக்டர், கண் பரிசோதனை, வரிசை. அதுவரை ஆர்ன்ஃபினை ஹால்வார்தான் காரில் கூட்டிப்போக வேண்டும். இதை யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. அடுத்த வாரமே ஒரு காலையில் ஆர்ன்ஃபின் வாசலில் கார் வந்து நின்றது. அவர் வந்து ஏறிக்கொண்டார். முன்சீட்டில் அல்ல, பின்னால்.

முதல் பயணம் டாக்டரிடம். ஆர்ன்ஃபின் கடிகாரம் வரைந்தார், எண்களைப் பின்னிருந்து சொன்னார், ஐந்து சொற்களை நினைவு வைத்துத் திருப்பிச் சொன்னார். வயசுக்கு மிக நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். "இவனையும் ஒரு தடவ பாத்துடுங்க," என்று ஆர்ன்ஃபின் ஹால்வாரைக் காட்டினார். "தெரிஞ்சத வெளிய சொல்றதுக்கு ஏதாவது மாத்திரை இருந்தா குடுங்க."

திரும்பும்போது கடலோரச் சாலையில் உறைபனி பளபளத்தது. ஆர்ன்ஃபின் பின்னாலிருந்து ஓட்டினார். ஸ்டியரிங் மட்டும்தான் ஹால்வாரிடம் இருந்தது.

"பிரேக்கை மிதிக்காத. தடவு. பின்னாடி முட்டைக் கூடையோட ஒரு பொம்பள நின்னுட்டிருக்கான்னு நினைச்சுக்கோ."

"சரி."

"வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைக்கணும். வளைவுல இல்ல. முட்டை போச்சு பாரு."

"சரி."

 ஹால்வார் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். கிழவர் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்திலிருந்து எதுவும் படிக்க முடியவில்லை. படிக்கிற வழக்கமும் இவருக்கில்லை. கடைசியில், கோபம் கொஞ்சமாவது தணிந்ததா என்று கேட்டார்.

"ரோட்டைப் பாரு," என்றார் ஆர்ன்ஃபின்.